அரசாங்கத்தின் மூன்று நாற்காலிகள்

வங்கியில் பணம் போடலாமா என்று நம்மூரில் யாரையாவது கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: "கவர்மெண்ட் பாங்க்கா, பிரைவேட்டா?" கவர்மெண்ட் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. அந்த வங்கியின் கணக்கை யார் பார்க்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார், பார்த்தவர் என்ன எழுதி வைத்தார் என்று எவரும் கேட்பதில்லை. அரசாங்க ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், பிறகென்ன பயம் என்ற நினைப்பு. இந்த நினைப்புக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் முளைத்தது. ஒரு தடவை பம்பாயையே கவிழ்த்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடன் கொடுக்கலாமா, வேண்டாமா என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் இயக்குநர்கள். முடிவெடுத்துக் காரியமும் நடந்த பிறகு வந்து, ரசீதையும் பேரேட்டையும் ஒத்துப்பார்த்து, இந்தக் கணக்கு உண்மை நிலையைக் காட்டுகிறதா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் ஆடிட்டர். இவர்கள் இருவருக்கும் வெளியே இன்னொருவர் உண்டு. அவர் ஆய்வு அதிகாரி. சட்டம் கொடுத்த அதிகாரத்தோடு எந்த நாளிலும் கதவைத் தட்டி உள்ளே வந்து எந்தப் பெட்டியையும் திறக்கச் சொல்லலாம். வங்கிக் கிளையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், இந்த மூவரில் யார் வந்தால் மேலாளர் முகம் எப்படி மாறும் என்று சொல்வார்கள்.

கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவியைச் சமையல்காரரிடம் கொடுப்பதில்லை. சமையல்காரர் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. அரிசி எவ்வளவு போயிற்று என்று கேட்க வேறொரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். வெள்ளை அரசு வெகுகாலம் இந்த எளிய விஷயத்தைத் தவறவிட்டது. வங்கியின் மேசையில் தன் அதிகாரிகளை உட்கார வைத்துவிட்டு, உக்கிராணச் சாவியும் தன்னிடமே இருப்பதாக நினைத்துக்கொண்டது.

1806 ஜூன் 2ஆம் தேதி கல்கத்தா வங்கி தொடங்கியது. 1809இல் சாசனம் பெற்று வங்காள வங்கி என்று பெயர் மாறியது. மூலதனம் 50 லட்சம் சிக்கா ரூபாய் (அக்காலத்து வங்காள நாணயம்). அதில் 10 லட்சத்தை அரசு போட்டது. இயக்குநர்கள் ஒன்பது பேர், அவர்களில் மூவரை அரசு நியமித்தது. பணம் ஐந்தில் ஒரு பங்கு, நாற்காலி மூன்றில் ஒரு பங்கு. வங்கியின் முதல் தலைவர் ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர், அரசின் அக்கவுண்டண்ட் ஜெனரல். நாட்டின் கணக்குக்குப் பொறுப்பான அதிகாரியே வங்கியின் தலைவர் என்றால் மக்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்?

1840இல் பம்பாய் வங்கியும் 1843இல் நம் சென்னை வங்கியும் இதே அச்சில் வார்க்கப்பட்டன. பம்பாயில் மூலதனம் 52.25 லட்சம், அரசு போட்டது 3 லட்சம். சென்னையில் 30 லட்சத்துக்கு 3 லட்சம். நாற்காலி மட்டும் இரண்டு ஊரிலும் அதே மூன்று. பம்பாயில் நூற்றுக்கு ஆறு ரூபாய்கூடப் போடாத பங்குதாரருக்கு மூன்றில் ஒரு பங்கு இருக்கை. அதிகப்படிதான், ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. இந்த வங்கிகள் நோட்டு அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டன. அரசின் கஜானாப் பணம் அங்கே கிடந்தது. அரசுக்குக் கைமாற்று தேவைப்பட்டால் முதலில் போய் நின்றதும் அங்கேதான். ஆகவே அரசு உள்ளே ஆள் வைக்க விரும்பியது.

அந்த ஆட்கள் யார் என்பதுதான் முக்கியம். அக்கவுண்டண்ட் ஜெனரல், துறைச் செயலர் போன்ற பெரிய பதவிக்காரர்கள். அவரவர் அலுவலகத்தில் மலைபோல் வேலை. வங்கிக் கூட்டம் வாரத்தில் சில மணி நேரம் தலைகாட்டும் இடம். மாற்றல் உத்தரவு வந்தால் கிளம்பிவிடுவார்கள், அடுத்தவர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, முன்பு என்ன நடந்தது என்று செயலாளரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். அந்தச் செயலாளர்தான் வங்கியை அன்றாடம் நடத்துகிறவர். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரிடமே பாடம் கேட்கும் நிலை. இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதே இல்லை, அமைப்பே அப்படி.

ஆனாலும் இருபது வருடம் பெரிய சேதமில்லாமல் ஓடியது. ஓட்டியது நாற்காலியில் இருந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. 1840ஆம் வருடச் சாசனம்தான் ஓட்டியது. எதன் பேரில் கடன் கொடுக்கலாம், எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கலாம், ஒரு ஆளுக்கு எவ்வளவு என்றெல்லாம் அதில் கட்டுகள் இருந்தன. செயலாளர் ஆசைப்பட்டாலும் சாசனம் விடாது. வேலி நன்றாக இருந்ததால் காவல்காரன் தூங்கியது தெரியவில்லை.

1861இல் நோட்டு வெளியிடும் உரிமையைச் சட்டம் போட்டு அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. வங்கிகளுக்கு அது வருமான இழப்பு. அதைச் சரிக்கட்ட வேறு தொழில்களுக்கு வழிவிட வேண்டும் என்ற பேச்சில் பம்பாய் வங்கிக்கு 1863இல் புதுச் சட்டம் வந்தது, அந்த ஆண்டின் 10ஆவது சட்டம். பழைய கட்டுகள் பல அவிழ்ந்தன. கம்பெனிப் பங்குகளின் பேரில் கடன் தரலாம் என்றாயிற்று.

அது எப்பேர்ப்பட்ட நேரம் என்று பாருங்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தென் மாநிலங்களின் பருத்தி இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போகவில்லை. ஆலைக்காரர்கள் இந்தியப் பருத்திக்குச் சொன்ன விலை கொடுத்தார்கள். நான்கைந்து வருடத்தில் வழக்கத்துக்கு மேல் ஏறத்தாழ 8 கோடி பவுண்டு பம்பாய்க்கு வந்து கொட்டியது என்பது அக்காலத்துக் கணக்கு. பணம் போவதற்கு இடம் தேடியது. கடலைத் தூர்த்து நிலமாக்கப்போவதாகச் சொன்ன பேக் பே கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு பத்து மடங்கு விலைக்குக் கைமாறியது. தினம் ஒரு புதுக் கம்பெனி, தெருவுக்கு ஒரு நிதி நிறுவனம். பருத்தி வியாபாரி, பாரிஸ்டர், பாதிரியார், சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் ஷேர் வாங்கினார்கள்.

இந்தக் கூத்தின் நடுவில் நின்றவர் பிரேம்சந்த் ராய்சந்த், முப்பது வயதைச் சற்றே தாண்டிய பங்குத் தரகர். அவர் எழுதிய ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு பம்பாய் வங்கிக்குப் போனால் கடன் கிடைக்கும் என்ற அளவுக்குச் செயலாளர் அவர் பிடிக்குள் இருந்தார். கடனுக்கு ஈடு என்ன? அதே ஷேர்கள்தான். ஷேர் விலை ஏறுவது வங்கிக் கடனால், வங்கிக் கடன் கொடுப்பது ஷேர் விலையை நம்பி. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு. (பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் இந்த பிரேம்சந்த் தன் அம்மா பெயரில் கட்டக் கொடுத்த பணத்தில் எழுந்தது. கோபுரம் இன்றும் மணி அடிக்கிறது.)

வங்கி தன் மூலதனத்தையும் இரண்டு மடங்காக்கி, பிறகு நான்கு மடங்காக்கி 209 லட்சத்துக்குக் கொண்டுபோனது. மேசையில் அரசு நியமித்த இயக்குநர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு கடனையும் அவர்கள் முன் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற ஒழுங்குவிதியை யாரும் எழுதி வைக்கவில்லை. செயலாளர் கொடுத்தார், பேரேட்டில் ஏறியது, கூட்டத்தில் தலைகள் ஆடின.

1865 ஏப்ரலில் அமெரிக்காவில் தென்படைத் தளபதி லீ சரணடைந்தார். செய்தி கப்பலேறி பம்பாய் வந்ததும் பருத்தி விலை சரிந்தது. பின்தேதி போட்டு ஷேர் வாங்கியவர்கள் எல்லாரும் கணக்குத் தீர்க்க வேண்டிய நாள் 1865 ஜூலை 1. அன்றைக்குக் கொடுக்கப் பணம் யாரிடமும் இல்லை. வங்கியின் கையில் இருந்த ஈடு வெறும் அச்சிட்ட காகிதமாயிற்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை மிக வேதனையானது. வங்கி அன்றே மூடப்படவில்லை. இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடந்தது. கல்கத்தாவில் இருந்த வைஸ்ராய் ஜான் லாரன்ஸின் அரசு கவலைப்பட்டு விவரம் கேட்டது. பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரேரின் அரசு, இப்போது துருவினால் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும் என்ற பக்கம் சாய்ந்தது. அவர்கள் நிலையையும் யோசிக்க வேண்டும். வங்கி கெட்டுப்போயிருக்கிறது என்று அரசு சொன்னால், அங்கே உட்கார்ந்திருந்த அரசின் ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற அடுத்த கேள்வி வரும். கண்காணிக்க வேண்டியவரையே பங்காளி ஆக்கிவிட்டால் உண்மையை வெளியே சொல்வது அவருக்கே நஷ்டம் ஆகிவிடும். நியமனத்துக்கும் தணிக்கைக்கும் உள்ள பகை இங்கேதான் இருக்கிறது.

1868இல் விசாரணைக் கமிஷன் அமைந்தது. தலைவர் சர் சார்லஸ் ஜாக்சன். வங்கியின் நஷ்டம் 19 லட்சம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அப்போது ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 10 ரூபாய் என்பதால், 209 லட்சம் மூலதனத்தில் 190 லட்சம் அளவுக்குக் கரைந்துபோயிருந்தது. கமிஷன் சொன்ன காரணங்கள் இவை: 1863ஆம் வருடச் சட்டம் பழைய பாதுகாப்புகளை நீக்கியது, மனவுறுதியும் நேர்மையும் இல்லாத செயலாளர்கள் அந்தச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தினார்கள், இயக்குநர்கள் அசட்டையாகவும் திறமையற்றும் இருந்தார்கள், காலமே பித்துப் பிடித்த காலமாக இருந்தது, வங்கிக்குத் தகுந்த சட்ட ஆலோசனை இல்லை. இந்தப் பட்டியலில் ஆடிட்டரைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல, இன்று நாம் ஆடிட்டர் என்கிற அர்த்தத்தில் அங்கே யாரும் இருந்திருக்க முடியாது. சாசனம் பெற்ற கணக்காளர் சங்கம் என்பதே எடின்பரோவில் 1854இல்தான் பிறந்தது. இங்கிலாந்தில் 1880 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கேயும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1878இல் கிளாஸ்கோ நகர வங்கி கவிழ்ந்த பிறகு, 1879இல் வரையறுத்த பொறுப்புள்ள வங்கிகளுக்கு ஆண்டுதோறும் ஆடிட் கட்டாயம் என்று சட்டம் வந்தது.

இந்தியாவில் அரசு எடுத்த பாடம் வேறு. 1876ஆம் வருட மாகாண வங்கிகள் சட்டத்தின்போது அரசு தன் பங்குகளை விற்றது, இயக்குநர்களை நியமிக்கும் உரிமையைக் கைவிட்டது, நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது. தன் கஜானாப் பணத்தின் பெரும்பகுதியையும் வங்கியில் வைக்காமல் தனிக் கருவூலத்தில் பூட்டி வைத்துக்கொள்ளத் தொடங்கியது. 1863இல் அவிழ்த்த கட்டுகளில் பலவற்றைச் சட்டம் மறுபடி இறுக்கியது என்பதும் உண்மை. அதனால் மூன்று மாகாண வங்கிகளும், பம்பாயில் பழையதன் இடத்தில் வந்த புது வங்கி உட்பட, பிழைத்தன. சென்னை வங்கி கொழும்பு வரை கிளை பரப்பி நிமிர்ந்து நின்றது. இன்று ராஜாஜி சாலையில் ஸ்டேட் வங்கி இருக்கும் சிவப்புக் கட்டடம் அதன் வீடுதான். ஆனால் மற்ற வங்கிகள்? அவற்றுக்குள் எட்டிப் பார்க்க அரசிடம் ஜன்னல்கூட இல்லை.

உள்ளே ஆள் இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லை என்று அரசு நினைத்திருந்தால் இலங்கை அதற்கு பதில் சொன்னது. காப்பித் தோட்டங்கள் இலை நோயில் அழிந்துகொண்டிருந்தபோது, 1884 மே 3ஆம் தேதி ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. இலங்கையில் புழங்கிய நோட்டில் பெரும்பகுதி அந்த வங்கியுடையது. தோட்டக் கூலி முதல் செட்டியார் கடை வரை எல்லார் கையிலும் இருந்த காகிதம் ஒரே நாளில் கேள்விக்குறியானது. ஆளுநர் ஆர்தர் கார்டன் லண்டன் அனுமதிக்குக் காத்திராமல் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். துணிச்சலான காரியம். வங்கியின் கணக்கைப் பார்க்கும் அதிகாரம் இல்லாத அரசு, அதன் கடனைத் தலையில் சுமந்தது. அதே ஆண்டு நோட்டு வெளியிடும் வேலையை இலங்கை அரசே எடுத்துக்கொண்டது.

சென்னையின் முறை 1906இல் வந்தது. அர்பத்நாட் கம்பெனி என்றால் நூறு வருடத்துப் பேர். அது வங்கிச் சட்டத்துக்கோ கம்பெனிச் சட்டத்துக்கோ உட்பட்ட வங்கி அல்ல, நாலைந்து கூட்டாளிகள் நடத்திய ஏஜென்சி ஹவுஸ். ஊர்ச் சேமிப்பெல்லாம் அங்கே டெபாசிட்டாகக் கிடந்தது. தலைமைக் கூட்டாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட். அந்த 'சர்' பட்டம்தான் மக்கள் பார்த்த ஆடிட் சான்றிதழ். அரசு பட்டம் கொடுத்திருக்கிறது, ஆளுநர் வீட்டு விருந்துக்குப் போகிறார், இவரிடம் போடாமல் வேறு யாரிடம் போடுவது? அக்டோபர் 20ஆம் தேதி லண்டன் கூட்டாளி மக்ஃபேடியன் உயிரை மாய்த்துக்கொண்டார். 22ஆம் தேதி சென்னையில் கடை மூடியது. பிறகு கணக்கைத் திறந்து பார்த்தபோது, கம்பெனி பல வருடங்களாகவே உள்ளுக்குள் செத்துக் கிடந்தது தெரிந்தது. சர் ஜார்ஜுக்கு 18 மாதம் கடுங்காவல். பணம் போட்டவர்களுக்காக வழக்காடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று தொடங்கிய இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15ஆம் தேதி திறந்தது. பட்டம், பதவி, நியமனம் எதுவும் தணிக்கைக்கு ஈடாகாது என்று சென்னை தன் காசைக் கொடுத்துக் கற்றது.

அரசும் கொஞ்சம் விழித்தது. 1913ஆம் வருட இந்தியக் கம்பெனிச் சட்டம் ஆடிட்டருக்கு என்ன தகுதி வேண்டும் என்று முதல் தடவையாக வரையறுத்தது. மாகாண அரசிடம் சான்றிதழ் வாங்கியவரோ, அரசு ஏற்றுக்கொண்ட சங்கத்தின் உறுப்பினரோதான் பொதுக் கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்யலாம். ஏற்றுக்கொண்ட சங்கம் என்றால் நடைமுறையில் பிரிட்டனின் சார்ட்டர்ட் கணக்காளர்கள். அவர்கள் கப்பலைவிட்டு இறங்கியதும் நாடு முழுக்கத் தொழில் செய்யலாம். நம்மவர்களுக்கு இரண்டு வகைச் சான்றிதழ்: கட்டுப்பாடில்லாதது, கட்டுப்பாடுள்ளது. இரண்டாவதை வாங்கியவர் அந்த மாகாணத்துக்குள் மட்டும், சான்றிதழில் குறித்த மொழியில் மட்டும் ஆடிட் செய்யலாம். தமிழில் எழுதிய பேரேட்டைப் பார்க்கத் தனிச் சீட்டு! 1920இல் இந்த இரண்டாம் வகையை நிறுத்திவிட்டார்கள்.

சட்டம் பிறந்த அதே 1913இல் லாகூரின் பீப்பிள்ஸ் வங்கி விழுந்தது. வெள்ளியில் சூதாடிய பம்பாய் இந்தியன் ஸ்பீஸி வங்கி அதைத் தொடர்ந்தது. 1913 முதல் 1917 வரை 87 வங்கிகள் மூடின. சான்றிதழ் கொடுக்கும் சட்டம் வந்துவிட்டது, சான்றிதழ் வாங்கப் படித்த ஆட்கள் எங்கே? 1918இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயம் என்ற ஜி.டி.ஏ. தொடங்கியது. அதற்குத் தேர்வும் உண்டு, ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருடப் பயிற்சியும் உண்டு. 1930இல் திருத்தச் சட்டம் வந்து, சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் மாகாணங்களிடமிருந்து கவர்னர் ஜெனரலிடம் போனது. 1932இல் விதிகள், பதிவேடு, அரசு நியமித்த உறுப்பினர்களோடு இந்தியக் கணக்காளர் வாரியம் என்று வரிசையாக வந்தன. பதிவேட்டில் பேர் ஏறியவர் பதிவுபெற்ற கணக்காளர்.

வெள்ளை அரசு வங்கி மேசையிலிருந்து எழுந்துபோய், ஆடிட்டர் தொழிலின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது என்று இதைச் சொல்லலாம். வங்கிக்கு யார் இயக்குநர் என்பதை விட்டுவிட்டு, கணக்கைப் பார்க்க யாருக்கு யோக்கியதை என்பதைத் தீர்மானிக்கத் தொடங்கியது. பம்பாய் முறையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் வாசலில் உட்காருகிறவர் அரசாங்கம் என்றால் அவருடைய விருப்பு வெறுப்பும் கூடவே உட்காரும். அதற்கு சாட்சி நம் சென்னைப் பெண் ஒருவர்.

ஆர். சிவபோகம் 1907இல் பிறந்தவர். ராணி மேரி கல்லூரியில் படித்தவர். காந்தி வழியில் விடுதலைப் போராட்டத்தில் இறங்கி, ஓராண்டு வேலூர்ச் சிறையில் இருந்தார். வெளியே வந்து, கணக்கியல் படித்து, 1933இல் ஜி.டி.ஏ. தேறினார். இந்தியாவில் அந்தத் தேர்வைத் தேறிய முதல் பெண். பயிற்சி சென்னையின் பேர்பெற்ற ஆடிட்டர் சி. எஸ். சாஸ்திரியிடம். எல்லாம் சரி, பதிவேட்டில் பேர் எழுதும் இடத்தில் கதவு சாத்தப்பட்டது. சிறை சென்றவர் கணக்காளராகப் பதிய முடியாது என்றது விதி. ஏமாற்றுக்காரர்களை வெளியே நிறுத்துவதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் நாட்டுக்காகச் சிறை சென்றவரும் அந்த வலையில் மாட்டினார். சிவபோகம் விடவில்லை, வழக்காடி வென்றார். 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பிற்பாடு 1955 முதல் 1958 வரை சார்ட்டர்ட் கணக்காளர்களின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கே தலைவராக இருந்தார். அர்பத்நாட்டின் 'சர்' பட்டத்தை நம்பிய ஊரில், சிறைக்குப் போய் வந்தவர் நேர்மைக்குச் சான்று கையெழுத்திட்டார்.

அப்படியானால் மூன்றாவது ஆள், அந்த ஆய்வு அதிகாரி, எப்போது வந்தார்? மிகத் தாமதமாக. 1935 ஏப்ரல் 1ஆம் தேதி ரிசர்வ் வங்கி தொடங்கியபோது அது 5 கோடி மூலதனத்தில் தனியார் பங்குதாரர் வங்கி. ஆனாலும் கவர்னரையும் இரண்டு துணைக் கவர்னர்களையும் நியமித்தது கவர்னர் ஜெனரல்தான். நான்கு இயக்குநர்கள் அரசு நியமனம், எட்டுப் பேர் பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். இவர்களோடு ஓர் அரசு அதிகாரியும் இருப்பார், ஆனால் அவருக்கு ஓட்டு கிடையாது. இந்த ஒரு வரியை ரசிக்கலாம். உட்கார்ந்து கேட்கலாம், கை தூக்கக்கூடாது. பம்பாயை யாரோ மறக்கவில்லை. ரிசர்வ் வங்கிக்குப் பங்குதாரர்கள் ஆடிட்டரைத் தேர்ந்தெடுப்பார்கள், அது போதாது என்று அரசு நினைத்தால் தானும் ஒரு ஆடிட்டரை அனுப்பலாம் என்றும் சட்டத்தில் எழுதினார்கள். நாற்காலியும் கணக்குச் சோதனையும் தனித்தனி என்று ஒருவழியாகப் புரிந்தது.

ரிசர்வ் வங்கியின் கணக்கை அரசு பார்க்கலாம். மற்ற வங்கிகளின் கணக்கை ரிசர்வ் வங்கி பார்க்கலாமா? வாரந்தோறும் வரும் அறிக்கையைப் படிக்கலாம், அவ்வளவுதான். 1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் குயிலான் வங்கி மூடியது. இரண்டு வங்கிகள் சேர்ந்து உருவான அந்தப் பெரிய வங்கியின் மைய அலுவலகம் சென்னையில் இருந்தது. திவான் சி. பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகைதான் கவிழ்த்தது என்று ஒரு தரப்பு சொல்லும், உள்ளேயே ஓட்டை இருந்தது என்று மறுதரப்பு சொல்லும். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். வங்கி நல்ல நிலையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லும் பொதுவான சட்ட அதிகாரம் அன்று யாரிடமும் இல்லை. இருந்திருந்தால் இரண்டு தரப்பும் இத்தனை வருடம் வாதாட வேண்டியிருந்திருக்காது. 1946இல் ஓர் அவசரச் சட்டம் அந்த அதிகாரத்தை ரிசர்வ் வங்கிக்குக் கொடுத்தது. 1949ஆம் வருட வங்கிக் கம்பெனிச் சட்டம் அதை நிலையாக்கியது. கல்கத்தா வங்கி பிறந்து 140 வருடம் கழித்து உக்கிராணத்துக்குத் தனி ஆள் வந்தார்.

அதே 1949, ஜூலை 1ஆம் தேதி சார்ட்டர்ட் கணக்காளர் சட்டம் நடைமுறைக்கு வந்து, யார் ஆடிட்டர் என்று தீர்மானிக்கும் வேலை அரசிடமிருந்து கணக்காளர்களின் சொந்த அமைப்பிடம் போனது. ஜூலை முதல் தேதிக்கும் நம் வங்கிகளுக்கும் என்ன உறவோ தெரியவில்லை. சென்னை வங்கி திறந்தது 1843 ஜூலை 1, பம்பாய் கவிழ்ந்தது 1865 ஜூலை 1, ஸ்டேட் வங்கி பிறந்தது 1955 ஜூலை 1.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் எந்த வணிக வங்கியும் ஆடிட்டரை நியமிக்க முடியாது. 2021இல் வந்த விதிப்படி ஒரு நிறுவனம் ஒரு வங்கியைத் தொடர்ந்து மூன்று வருடம்தான் தணிக்கை செய்யலாம். பிறகு ஆறு வருடம் அந்தப் பக்கம் வரக்கூடாது. 15,000 கோடி ரூபாய்க்குக் குறையாத சொத்துள்ள வங்கி என்றால் குறைந்தது இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து பார்க்க வேண்டும். மாற்றலாகிப் போகும் அரசு இயக்குநர்களை நினைத்துப் பாருங்கள். அன்று கண்காணிப்பவர் மாறியது தற்செயல், இன்று மாறுவது விதி.

நாற்காலிகள்? பொதுத்துறை வங்கிகளில் அவை திரும்ப வந்துவிட்டன. அரசின் பிரதிநிதி ஒருவரும் ரிசர்வ் வங்கியின் பிரதிநிதி ஒருவரும் இயக்குநர் குழுவில் உட்காருகிறார்கள். கண்காணிக்கும் அமைப்பே முடிவெடுக்கும் மேசையில் உட்காருவது முறையல்ல என்று சொல்லி, தன் ஆட்களை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே அரசிடம் கேட்டதுண்டு. 1865இன் பம்பாயைத் தெரிந்தவர்கள் ரிசர்வ் வங்கி பக்கம்தான் நிற்பார்கள், நானும் அப்படியே.

உங்கள் வங்கியின் ஆண்டறிக்கை அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இயக்குநர்களின் சிரித்த முகங்கள் முன் பக்கங்களில் இருக்கும். ஆடிட்டர்களின் அறிக்கை அதற்கு வெகுதூரம் பின்னால், பொடி எழுத்தில், எண்களுக்குப் பக்கத்தில் கிடக்கும். அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.